இரண்டாம் பொத்தான்

வந்ததும் ஓரெஸ்ட் டயரை உதைத்துப் பார்த்தான்.
எல்லோரும் உதைக்கிறார்கள்.
டயர் இதுவரை யாருக்கும் பதில் சொன்னதில்லை.

அவன் மனைவி லரீசா, ஏழு மாதம்,
பொத்தான் சேராத கோட்டுக்குள் வயிற்றைப் பிடித்தபடி
பனிக்குவியலின் ஓரமாய் நின்றாள்.
கிம்லியில் ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
ஏரி மூடி இரண்டு மாதமாகிறது.
டெர்னோபிலிலிருந்து இவர்கள் வந்து எட்டு.

"ஏதாவது கோளாறு உண்டா?"

உண்டு, ஒளிக்க மாட்டேன்.
அறுபதைத் தொடும்போது கியர் ஒருமுறை விக்கும்.
யாரோ நினைக்கிறார்கள் என்று விட்டுவிடுங்கள்.
கடுங்குளிரில் என்ஜின் விளக்கு எரியும்;
வின்னிபெக் மெக்கானிக்கிடம் காட்டக் கிளம்பினால்
பாதி வழியில் அணைந்துவிடும்,
ஆஸ்பத்திரி வாசலில் நின்றுபோகும் பல்வலி மாதிரி.
முன்னால் நாக்குப்போலத் தொங்குகிறதே ஒயர்,
ராத்திரி அதைச் சுவரில் செருக மறந்தால்
காலையில் வேலைக்கு லீவு சொல்லிவிடுங்கள்.

வலப்பக்க இருக்கை சூடாகாது.
சரிபண்ணிவிடலாம் என்றான் சிகுர்ட்,
எட்டுக் குளிர்காலம்.
அவன் பக்கத்து இருக்கை நன்றாகவே சூடாகும்.

"ஏழு பேர் உட்காரலாமா?" லரீசா கேட்டாள்.

உட்காரலாம். நாங்கள் நாலு பேர்.
மூன்றாம் வரிசையை மூன்றே தடவை விரித்தோம்.
முதல் தடவை, செல்கர்க்கில் ஒன்பது கோல் வாங்கித் தோற்ற
ஆஸ்டாவின் ஹாக்கிப் பெண்கள்.
ஈரக் காலுறை நாற்றம். இருபது மைல் மௌனம்.
பிறகு ஒருத்திக்கு வாயு பிரிய
வண்டியே குலுங்கிச் சிரித்தது.
இன்னொரு தடவை யாருக்காக என்று நினைவில்லை.
கடைசியாக, போன கோடையில்,
நடு வரிசை முழுக்கக் காலியாய்க் கிடக்க
எய்னர் மட்டும் பின்கோடிக்குப் போய்
காதை அடைத்துக்கொண்டு படுத்தான்.
முன்னால் நாங்கள்
குரல் உயர்த்தாமல் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.
இதில் அதைவிடத் தூரமாய்ப் போக இடமில்லை.

இதை அவளிடம் சொல்லவில்லை.
"இடம் தாராளம்" என்றேன்.

கூரையில் நாலு தழும்பு இருக்கும்.
படகுத் தாங்கி இருந்த இடம்.
படகை அவன் எடுத்துக்கொண்டான், தாங்கியையும்.
கார் எனக்கு வந்தது, பாக்கித் தவணையோடு.

ஒரு லட்சத்து அறுபத்துநாலாயிரம் கிலோமீட்டர்.
ஓரெஸ்ட் அதைப் போனில் படம் பிடித்தான்.
இரவு ஷிப்ட் முடிந்து, வாசலில் நிறுத்தி,
வெப்பக்காற்றை முகத்துக்குத் திருப்பிவிட்டு,
இறங்காமல் உட்கார்ந்திருந்த அரைமணி நேரங்கள்
அந்த மீட்டரில் ஏறவில்லை.

பிறகு அவன் ஓட்டுநர் இருக்கையில் ஏறினான்.
என் உயரத்துக்கு வைத்தது; முழங்கால் முகவாயை இடித்தது.
கதவோரம் இரண்டு பொத்தான்கள்.
ஒன்று நான்.
இரண்டைத் தொட்டுப் பதினாலு மாதமாகிறது.

அமுக்கினான்.
முனகிக்கொண்டே இருக்கை பின்னால் நகர்ந்தது,
அவசரமில்லாமல்,
சிகுர்டின் நீளக் கால்களுக்கு இடம் விட்டு.
கண்ணாடிகள் தாமாகத் திரும்பி
அவன் பார்க்கும் சாலையைப் பார்த்தன.

"சரியா இருக்கு!" என்றான் ஓரெஸ்ட்.
"அப்படியே எனக்கு அளவெடுத்த மாதிரி."

கேட்ட விலையில் முந்நூறு டாலர் குறைத்துக்கொண்டேன்.
அவன் பேரம் பேசவேயில்லை.
கையுறையைக் கழற்றி நோட்டுகளை எண்ணிக் கொடுத்தான்.
விரல்நுனி வெளுத்துவிட்டது, பாவம்.

லரீசா வலப்பக்கம் ஏறினாள்.
"முதலில் இதைச் சரிபண்ணிடறேன்" என்று
அவளிடம் அவன் சொன்னது கேட்டது,
அல்லது அவர்கள் மொழியில் வேறெதையோ.

தெருமுனை போஸ்ட் ஆபீஸ்வரை போய்விட்டார்கள்.
அப்போதுதான் ஞாபகம்.
டிக்கிக் கதவு குளிரில் மேலே நிற்காது,
தலையில் விழும்,
முட்டுக்கொடுக்க ஆஸ்டாவின் உடைந்த ஹாக்கி மட்டை
இதோ சுவரோரம் என்னோடு நிற்கிறது.

மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்,
ஐம்பத்திரண்டு வயதில், வீட்டுச் செருப்போடு,
"நில்லுங்க, நில்லுங்க" என்று,
உப்பு கரைத்த சாலையில்.
பிரேக் விளக்கு எரிந்தது. இரண்டும் எரிந்தன.
அது ஒன்றில் மட்டும்
எப்போதும் குறை சொன்னதில்லை நான்.